கதகதப்பி

காலை ஆறு இருபதுக்கு, ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் புல் இன்னும் வெள்ளையாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம்கூடப் பனி பூத்திருந்தது. கதகதப்பித் தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை லூசி மல்லாந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு தூங்கினாள். மேலே ஒரே ஒரு மெல்லிய உடுப்பு. போர்வை இல்லை, குல்லா இல்லை, காலுறை இல்லை.

அமலி குனிந்து பார்த்தாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஏட்டி ஜெசி, பிள்ளைய என்ன, ஐஸ்ல வச்ச மீன் மாதிரி கிடத்திப் போட்டிருக்க?”

“மெதுவா பேசுங்க மதினி. இப்பதான் தூங்குனா.”

“எனக்கே பல்லு கிடுகிடுங்குது. அதுக்குப் பல்லே இல்ல. அது எப்படிச் சொல்லும்?”

அமலி, ஜெசிந்தாவின் கணவன் ரெக்ஸனின் அக்கா. மணப்பாட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் வேலை. அம்மா போன பிறகு ரெக்ஸனை வளர்த்தவள் அவள்தான். தம்பி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நீண்ட லீவு போட்டுவிட்டு நேற்று மாலைதான் மலையேறினாள். மேட்டுப்பாளையத்தில் ஒரு ஸ்வெட்டர், குன்னூரில் இன்னொன்று, வீட்டுக்குள் வந்ததும் அதற்கு மேல் ரெக்ஸனின் கோட்டு என்று போட்டிருந்தாள். கைகள் உடம்போடு ஒட்டாமல் விறைத்துக்கொண்டு நின்றன.

அவள் கொண்டுவந்த பெட்டியில் தனக்கென்று இரண்டு புடவைதான் இருந்தது. மீதியெல்லாம் கம்பளி. ஊர்ப் பெண்கள் கூடிப் பின்னியது. கோடையில், கடல்காற்றுப் புழுங்க, வேர்வை வடிய உட்கார்ந்து பின்னியிருக்கிறார்கள். அதில் ஒரு குல்லா முகத்தில் கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது.

“இதப் போட்டா பாப்பா கொள்ளைக்காரன் மாதிரி இருப்பா” என்றான் ரெக்ஸன். அவன் உறைபனி முன்னறிவிப்பு நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“நீ போட்டிருந்தல்லா. உன்னை எந்த போலீஸ் பிடிச்சான்?”

“மணப்பாட்டுல எதுக்குக்கா எனக்குப் போட்டீங்க?”

“மழை பெஞ்சுது.”

சிரிப்பில் குழந்தை லேசாகப் புரண்டது. அமலியின் கை தானாகக் குல்லாவோடு போனது.

“முகத்தருகே துணி. எடுத்துவிடுங்கள்” என்றது கதகதப்பி. தாழ்ந்த, பொறுமையான குரல்.

அமலி கையை இழுத்துக்கொண்டாள். “இவ யாரு, ஹெட்மிஸ்ட்ரஸா?”

மலையில் குளிர்மாதங்கள் நீள ஆரம்பித்துப் பல வருஷமாகிறது. கரியடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்த வீடுகளில் சில குழந்தைகள் காலையில் எழவில்லை. அடுப்புக்குத் தடை வந்தது. பிறகு கம்பளிக்குள் புதைந்த குழந்தைகள் எழவில்லை. சிலவற்றுக்கு மூச்சு முட்டியது. சிலவற்றுக்குச் சூடு தாங்கவில்லை. பனி கொட்டும் இரவில் ஒரு குழந்தை சூட்டில் இறக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

அதன்பின் வந்தது கதகதப்பி. அமுங்காத மெத்தை, சுற்றிலும் வலைத்தடுப்பு, அவ்வளவுதான் பார்க்க. குழந்தைக்கு உணரிழையில் நெய்த உடுப்பு ஒன்று. அதன் இழைகள் பிடரிச் சூட்டையும் மூச்சையும் கட்டிலுக்குச் சொல்லும். குறைந்தால் கட்டில் சூடு அனுப்பும், கூடினால் வாங்கிக்கொள்ளும். மேலே வேறு துணி விழுந்தால் அந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும்.

மூன்று குளிர்காலமாக மலையில் ஒரு குழந்தைகூடத் தூக்கத்தில் போகவில்லை. ஊட்டி மார்க்கெட்டில் அம்மாக்கள் கோட்டுக்குள் சுருண்டு நடப்பார்கள். இடுப்பில் குழந்தைகள் பனியன்போல ஒன்றைப் போட்டுக்கொண்டு கால்களை ஆட்டிக்கொண்டு போகும். கீழேயிருந்து வரும் சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி அந்த அம்மாக்களைத் திட்டுவார்கள். மலைக்காரர்களுக்கு அது பழகிவிட்டது.

ஜெசிந்தாவுக்கு மலையில் இதுதான் முதல் குளிர்காலம். தூத்துக்குடிப் பெண். குழந்தை பிறக்கும்வரை குழந்தை வளர்ப்பைப் பற்றியே படித்தாள், பிறந்த பின்னும் படித்தாள். கையையும் காலையும் தொட்டுப் பார்க்கக்கூடாது, அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும், பிடரியைத் தொடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அமலிக்கும் சொன்னாள். அமலி கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே பாதத்தைத் தொட்டாள்.

“ஐயோ, கல்லு மாதிரி இருக்கே.”

அன்று மத்தியானம் ஜெசிந்தா குளித்துவிட்டு வந்தபோது கதகதப்பி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. குழந்தையின் மேல் கழுத்துவரை கம்பளி. அமலி பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். இயந்திரத்தின் குரல் காதில் விழக்கூடாது என்று சத்தமாகவே ஜெபித்தாள்.

ஜெசிந்தா கம்பளியை இழுத்தாள். லூசியின் பிடரி வேர்த்திருந்தது. கன்னம் சிவந்திருந்தது.

“மதினி, என்ன செஞ்சிருக்கீங்க! பிள்ள செத்துப் போயிரும்!”

சொன்னபிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே கேட்டது.

அமலி எழுந்தாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். புடவை இரண்டையும் மடித்து வைத்தாள்.

இன்னும் இரண்டு மாதத்தில் ஜெசிந்தா விதைக்கிழங்கு ஆய்வுக்கூட வேலைக்குத் திரும்பியாகவேண்டும். ரெக்ஸனுக்குப் பனிக்காலம் முழுக்க ஷிப்ட். குழந்தையை விட்டுவிட்டுப் போக உலகத்தில் அமலியை விட்டால் ஆளில்லை. அமலியிடம் விட்டுப்போகவும் முடியாது. அந்தக் கைகளில் ரெக்ஸன் வளர்ந்தான். அந்தக் கைகளை நினைத்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மாலையில் நலப்பணியாளர் நிவிதா வந்தாள். கோத்தகிரிப் பெண், சின்ன வயது. நடந்ததைக் கதகதப்பி தானே அவளுக்குச் சொல்லியிருந்தது. அவள் குழந்தையைப் பார்த்தாள். மூடிய பெட்டியைப் பார்த்தாள். அமலியின் மூன்று அடுக்கையும் பார்த்தாள்.

“அக்கா, உங்க தரையிலயும் படுக்கைகள்லயும் இருக்கற சூடாக்கியை இதோட இணைச்சு விடட்டுமா? குழந்தை இருக்கிற வீட்டுக்கு அதுக்குத் தனியா மின்சாரம் ஒதுக்கியிருக்காங்க. மத்தத அதுவே பாத்துக்கும்.”

“இணைச்சா என்ன ஆகும்?”

“வீட்டுல சண்டை குறையும்” என்றாள் நிவிதா.

இணைத்தார்கள். அமலி மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போவதாக இருந்தாள். மறுநாள் அவள் எழுந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அவள் வாழ்நாளில் அப்படித் தூங்கியதில்லை. கோட்டைக் கழற்றினாள். மத்தியானம் ஒரு ஸ்வெட்டரையும் கழற்றினாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தாள்.

“உச்சி வெயில் போனபெறகு நம்ம கடக்கரை மணல் இருக்கும்லா, அப்படி இருக்கு.”

பஸ்ஸைப் பற்றி அவளும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை ஜெசிந்தா சந்தோஷம் என்றே நினைத்தாள். அமலி மீன் குழம்பு வைத்தாள். ரெக்ஸன் ஷிப்ட் முடிந்து வந்து அக்காவோடு பழைய வம்பெல்லாம் பேசினான். கம்பளிப் பெட்டி கட்டிலுக்கடியில் போனது. அமலி குழந்தையைத் தூக்குவாள், கொஞ்சுவாள், பாடுவாள், திரும்பக் கிடத்துவாள். மூடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. குழந்தையின் பாதத்தைத் தொட்டுவிட்டு, “ராசாத்திக்குப் பஞ்சுக் காலு” என்பாள். பாதம் முன்புபோலவேதான் சில்லென்று இருந்தது.

ஜெசிந்தாவுக்கு இன்னொரு பெருமை இருந்தது. லூசி அழுவதே இல்லை. அழுமுன் ஜெசிந்தா எழுந்துவிடுவாள். எந்த நேரமானாலும் சரி, குழந்தை சப்புக்கொட்ட ஆரம்பிக்கும்போது அவள் கதகதப்பியின் அருகே நிற்பாள்.

“எப்படித்தான் முழிக்கிற?” என்று ரெக்ஸன் கேட்டான். “எனக்கு அலாரம் வச்சாலே முடியல.”

“தெரியும். அவளுக்குப் பசிச்சா எனக்குள்ள ஏதோ இழுக்கும்.”

“தொப்புள்கொடி அறுத்த பெறகும் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவுல ஒண்ணு ஓடிக்கிட்டேதான் இருக்கும்” என்றாள் அமலி. தனக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றி அவள் வருத்தமாகப் பேசுகிறவள் இல்லை. அன்று கொஞ்சம் வருத்தமாகவே சொன்னாள். ஜெசிந்தாவுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் பெருமை குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டார்கள். ரெக்ஸன் கூடத்தில் படுத்தான். குழந்தை தூங்கியது. ஜெசிந்தாவும் அமலியும் பெரிய கட்டிலில் கிடந்து, மணப்பாட்டில் யாரோ ஒருத்தி மூன்றாவது தடவை கல்யாணம் செய்துகொண்டதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சின் நடுவிலேயே ஜெசிந்தா தூங்கிப்போனாள்.

அமலி தூங்கவில்லை. அவள் கை ஜெசிந்தாவின் பக்கம் நீண்டிருந்தது. முதலில் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெத்தையின் அந்தப் பாதி மெல்ல ஆறியது. சுடுசோற்றுத் தட்டு ஆறுவதுபோல ஆறி, பிறகு சில்லிட்டது. அமலியின் பாதி கதகதவென்றே இருந்தது. நடுவில் கோடு போட்டாற்போல ஒரு எல்லை.

ஜெசிந்தா முதுகைச் சுருட்டினாள். முகம் சுளித்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

“பாப்பாவுக்குப் பசி” என்றாள். கண் முழுசாகத் திறக்கவில்லை. எழுந்து போனாள்.

அமலி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்திருக்கும்போதே அது மறுபடி சூடானது.

அவள் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அமலிக்கு மனசில் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கத் தெரியாது.

“ஜெசி, நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி உன் படுக்க குளுந்துச்சு.”

ஜெசிந்தா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். “என்ன சொல்றீங்க?”

“உன் பக்கம் மட்டும். ஆத்துக் கல்லு மாதிரி. நீ எந்திரிச்சதும் பழையபடி ஆயிருச்சு.”

ஜெசிந்தா சிரிக்கப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். லூசி மும்முரமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவை யார் அழைத்து வந்தார்கள் என்று அவளுக்குக் கவலையில்லை.

ஜெசிந்தா போனில் நிவிதாவை அழைத்தாள். அவள் ஏதோ கல்யாண வீட்டில் இருந்தாள். பின்னால் பாட்டுச் சத்தம்.

“ஆமாக்கா, அது அப்படித்தான் செய்யும். பசி எடுக்கறதுக்கு முன்னாடியே அதுக்கு மூச்சுல தெரிஞ்சிடும். பால் கொடுக்கறவங்க படுக்கையைக் கொஞ்சம் ஆறவிடும். குழந்தை அழுதா வீட்டுல எல்லாரும் எழுந்து வருவாங்க, ஆளுக்கொரு துணியோட. அதனால அழவிடாம பாத்துக்குது.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“கேக்கலையேக்கா.” கொஞ்சம் யோசித்துவிட்டு நிவிதா சொன்னாள். “அதுக்குக் கொடுத்திருக்கற வேலை ஒண்ணே ஒண்ணுதான். குழந்தை பத்திரமா, இதமா தூங்கணும். எப்படின்னு அது தானே கத்துக்கிச்சு. மலைல எல்லா வீட்டையும் பாத்துட்டுது. குழந்தைக்குப் பெரிய ஆபத்து பனி இல்லக்கா, பெரியவங்க கைதான். அந்தக் கை எப்ப போர்வையைத் தேடும்னு பாத்தது. அவங்க கால் சில்லிடும்போது. அதனால முதல்ல உங்க காலைச் சூடாக்குது.”

“அது மதினிக்குச் சரி. நான் ஒரு தடவைகூட மூடினதில்லையே. எனக்கு எதுக்கு?”

“அது ஆள் பாக்கறதில்லக்கா.”

ஜெசிந்தா போனை வைத்தாள். கதகதப்பியைப் பார்த்தாள். வலைத்தடுப்பு, மெத்தை, ஒரு சின்ன பச்சை விளக்கு. இத்தனை நாளும் அது ஒரு குழந்தையைத்தான் பார்த்துக்கொள்கிறது என்று நினைத்திருந்தாள். அது நான்கு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நால்வரில் மூன்று பேர் கொஞ்சம் முரட்டுப் பிள்ளைகள், அவ்வளவுதான்.

“இணைப்ப எடுத்துருங்க” என்றாள் ரெக்ஸனிடம்.

“எதுக்கு? எல்லாம் நல்லாத்தானே போகுது?”

“தொட்டில் இருக்கட்டும். அவ உடுப்பு இருக்கட்டும். எங்க படுக்கையும் தரையும் வேண்டாம். என்னை யாரும் மாடு மாதிரி எழுப்ப வேண்டாம்.”

“ஜெசி, வெளிய ரெண்டு டிகிரி. நான்தான் நேத்து அறிக்கை எழுதினேன்.”

“எம்பிள்ளைக்குப் பசிச்சா எனக்குத் தெரியும்.”

ரெக்ஸன் அக்காவைப் பார்த்தான். அமலி கையை விரித்தாள். “அவ சொல்லுததச் செய்யி. மெத்தை எழுப்பி விடுததுக்கு அவ என்ன ஹாஸ்டல்லயா இருக்கா?”

ரெக்ஸன் சுவரில் இருந்த பலகையில் இணைப்பை நீக்கினான். “பெரியவர்களுக்கான வெப்பம் நிறுத்தப்படுகிறது. குழந்தைக்கு மாற்றமில்லை” என்றது கதகதப்பி. அதன் குரலில் எந்த மனத்தாங்கலும் இல்லை.

வீடு உடனே குளிரவில்லை. தரை ஆற ஒரு மணி நேரமானது. முதலில் மூவரும் அதைக் கவனிக்காததுபோல இருந்தார்கள். பிறகு ரெக்ஸன் காலுறை தேடினான். அமலி கோட்டைத் தேடினாள். அது எங்கே என்று யாருக்கும் நினைவில்லை. கடைசியில் துவைக்கிற துணிக்குள் கிடைத்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டு, கைகளை அக்குளில் செருகி, கதகதப்பியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பல் கிட்டித்தது. குழந்தையைப் பார்த்தாள். கைகளை அக்குளிலிருந்து எடுக்கவில்லை. பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து, குழந்தையின் பிடரிக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு கையைப் பழைய இடத்திலேயே செருகிக்கொண்டாள்.

“அக்கா தேறிட்டா” என்றான் ரெக்ஸன்.

“போலே, கழுத. சுக்குக் காப்பி போட்டுட்டு வா.”

அவன் சமையலறைக்குப் போனான். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியது. தைல மரங்களுக்கு அப்பால் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா கட்டிலில் சாய்ந்து, அந்த இழுப்புக்காகக் காத்திருந்தாள். உடம்பைக் கூர்ந்து கேட்டாள். மார்பில் பால் கட்டியிருந்தது. அது பசியின் அடையாளமா, நேரம் ஆனதன் அடையாளமா என்று தெரியவில்லை. வேறொன்றும் கேட்கவில்லை. கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஐந்து வாரமாக அவள் உடம்புக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. இப்போது அது முதுகுத்தண்டில் ஏறியது. தோள் நடுங்கியது. மூக்கு நுனி யாருடையதோபோல இருந்தது.

அவள் எழுந்தாள். கதகதப்பியின் அருகே போய் நின்றாள். லூசி அதே மெல்லிய உடுப்பில், கால்களை அகட்டிப் போட்டு, வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு சின்ன உடம்பு. எவ்வளவு மெல்லிய துணி. இந்தத் துணியை நம்பி இத்தனை நாள் எப்படித் தூங்கினோம் என்று ஜெசிந்தாவுக்குத் திடீரென்று ஆச்சரியமாக இருந்தது. குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. தோளில் கிடந்த சால்வையை எடுத்தாள். அதை இரண்டாக மடித்தாள். வலைத்தடுப்பின் மேலாக, மெல்ல, குழந்தை விழித்துவிடாதபடி குனிந்தாள்.

நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

“ஏட்டி ஜெசி,” என்றாள் அமலி, சத்தம் எழாமல். “குளுருதது அவளுக்கா, உனக்கா?”